மலை இறக்கத்தில் பிரேக் கருகல் வாடை, பின் சீட்டில் வாந்தி: அடுத்த ஒரு நாள் பயணத்துக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

வாரக்கடைசிப் பயணி:
வணக்கம். மலை ஊருக்கு எங்கள் வீட்டிலிருந்து மூன்று மணி நேரம்தான். விடிந்ததும் கிளம்பி ஒரு அருவி, ஒரு ஏரி, கொஞ்ச தூரம் காட்டுக்குள் நடை, ராத்திரிக்குள் வீடு என்று போய்வந்தோம். பெட்ரோல் கார், மேனுவல் கியர், ஐந்து பேர்.

ஏறும்போது வண்டி சரியாகத்தான் போனது. இறங்கும்போது பாதி வழியில் முன்சக்கரப் பக்கம் கருகல் வாடை. அடுத்த சில கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் பெடல் மெத்தென்று ஆழமாக இறங்கியது. ஓரங்கட்டி நிறுத்திக் காத்திருந்த பிறகு பெடல் பழையபடி இறுகிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், பிரேக் பேடில் (சக்கரத்து டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கட்டை) தேய்மானம் இல்லை, எல்லாம் சரி என்கிறார்கள்.

கூடவே, 7 வயது மகளுக்குப் போக வர வாந்தி. மாமியாருக்குக் காது அடைப்பு. அடுத்த மாதமும் போகலாம் என்று வீட்டில் ஆசைப்படுகிறார்கள். இந்த பிரேக்கை நம்பிக் கூட்டிப்போகலாமா?

ஸ்பேனர்:
எந்த கியரில் இறங்கினீர்கள்? பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது?

வாரக்கடைசிப் பயணி:
மூன்று, நான்கு. நேரான இறக்கத்தில் பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரல். வண்டி வாங்கியதிலிருந்து பிரேக் ஆயில் மாற்றிய நினைவு இல்லை. குறைந்தால் ஊற்றுவார்கள்.

ஸ்பேனர்:
நண்பரே, நீங்கள் சொன்ன அறிகுறியே பதிலைச் சொல்லிவிடுகிறது. பெடல் கல் மாதிரி இறுகியிருந்தும் வண்டி நிற்காவிட்டால், பேட் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிப்பை இழந்துவிட்டது என்று அர்த்தம். பெடல் மெத்தென்று உள்ளே போனால் ஆயில் கொதித்திருக்கிறது. குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகிவிடும். நீங்கள் மிதிப்பது அந்தக் குமிழை அமுக்குவதோடு சரி, அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. ஆறியதும் குமிழ் மறைந்து பெடல் இறுகிவிடும். அதனால்தான் ஒர்க்‌ஷாப்பில் ஒன்றும் தெரியவில்லை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மேலே கொஞ்சம் புது ஆயில் ஊற்றினால் பழைய ஈரம் போகாது. முழுவதும் வடித்து, காற்றெடுத்து, புதிதாக நிரப்பச் சொல்லுங்கள். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. உங்கள் வண்டிக் கையேட்டில் எந்த வகை, எத்தனை நாளுக்கு என்று இருக்கும். பிரேக் ஆயில் போகும் ஹோஸ் குழாயையும், பேடை அழுத்தும் காலிப்பரின் பின்னையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். இது முடியாமல் மலைக்குப் போகாதீர்கள்.

அடுத்தது கியர். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 1.47 கோடி ஜூல். 20 டிகிரியில் இருக்கும் 44 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். நியூட்ரலில் விட்டால் அதில் பெரும்பகுதி நான்கு சக்கரத்து பிரேக்கில்தான் சூடாக இறங்கும். கியரில் இருந்தால் கணிசமான பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும்.

மிச்சம் பிடிக்கிற கணக்கும் சரியில்லை. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை விட்டால் எரிபொருள் வருவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகும். இன்ஜினை அணைத்துவிட்டு உருளுவது மட்டும் ஒருநாளும் வேண்டாம், பிரேக் உதவியும் ஸ்டியரிங் உதவியும் போய்விடும்.

எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்பது பழைய டிரைவர்கள் சொல்வது. செங்குத்தான வளைவுகளில் இரண்டு, தேவைப்பட்டால் ஒன்று. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். அப்படியும் வேகம் கூடினால் அழுத்தமாக ஒரு பிடி பிடித்து வேகத்தைக் குறைத்து, காலை எடுத்துவிடுங்கள். பெடல் மேல் லேசாகக் கால் வைத்துக்கொண்டே வருவதுதான் பேடைக் கருக்குகிறது.

சின்ன சந்தேகம்:
இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். வாடை வந்தால் தண்ணீர் ஊற்றி ஆற்றலாமா? என்னுடையது ஆட்டோமேட்டிக், அதில் எப்படி இறங்குவது?

ஸ்பேனர்:
தண்ணீர் கூடவே கூடாது, சூடான டிஸ்க் வளைந்தோ விரிசல் விட்டோ போகும். பெடல் இறுக்கமாக இருந்து வாடை மட்டும் வந்தால், குறைந்த கியரில் மெல்ல ஓட்டி வந்தாலே காற்றுப் பட்டு ஆறும். பெடல் மெத்தென்றாகிவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். நிறுத்திய இடத்தில் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஆட்டோமேட்டிக்கில் எல், 2, எஸ், மேனுவல் மோட் என்று ஏதாவது ஒன்று இருக்கும். பல ஹைபிரிட் வண்டிகளில் பி (B, பார்க்கிங்கின் P அல்ல) என்று இருக்கும். டி-யிலேயே விட்டு இறங்காதீர்கள்.

மூன்று பிள்ளைகளின் அம்மா:
தம்பி, மகளுக்கு வாந்தி வருவது வயிற்றுக் கோளாறால் அல்ல. உள்காது வண்டி வளைவதை உணர்கிறது, கண்ணோ போனையோ முன் சீட்டின் முதுகையோ பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் குமட்டுகிறது. 2 வயதிலிருந்து 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம். மலைப்பாதை தொடங்கும் முன் போனை வாங்கி வைத்துவிடுங்கள். நடு சீட்டில், முன்கண்ணாடி வழியாகத் தூரத்து ரோடு தெரியும் உயரத்தில் உட்காரட்டும். சீட் பெல்ட் கட்டாயம். வெறும் வயிறும் வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம். ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கள். மாத்திரை என்றால் டாக்டரிடம் அளவு கேட்டு, கிளம்பும் முன்பே கொடுக்க வேண்டும். குமட்டல் வந்தபின் கொடுத்துப் பெரிய பயன் இல்லை. அது தூக்கம் வரவைக்கும், ஓட்டுகிறவர் போடவே கூடாது.

மாமியாருக்கு மிட்டாய் ஒன்று வாயில் போடக் கொடுங்கள், எச்சில் விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். சளி பிடித்திருந்தால் இறங்கும்போதுதான் வலி கூடும். அப்படியானால் வேறு நாள் பாருங்கள்.

முகடு:
எல்லாரும் வண்டியைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். எனக்கு உங்கள் திட்டத்தில்தான் சந்தேகம். போக மூன்று, வர மூன்று போனால் கையில் என்ன மிஞ்சும்? அருவி, ஏரி, காடு என்று மூன்றையும் அடைத்தால் கடைசியில் அவசரம் வந்துவிழுவது இறக்கத்தில்தான், அதுவும் ஓட்டுகிறவர் களைத்த பிறகு. ஒன்றை விடுங்கள். திரும்பும் நேரத்தைக் காலையிலேயே முடிவு செய்து எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். பள்ளத்தாக்கில் மலை மறைப்பதால் வெளிச்சம் சீக்கிரமே மங்கும். பல மலைகளில் மேகமும் மழையும் மதியத்துக்கு மேல்தான் திரளும். 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறையும், நனைந்த பிள்ளைக்கு அது ரொம்பக் குளிர். மூடுபனி வந்தால் ஹை பீம் போடாதீர்கள், வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். சிக்னல் போகும், மேப்பை முன்பே இறக்கி வையுங்கள்.

வாரக்கடைசிப் பயணி:
எல்லாருக்கும் நன்றி. ஆயிலை வடித்துப் பார்த்தார்கள், கறுத்துப் போயிருந்தது. புதிதாக நிரப்பியாயிற்று. பக்கத்துக் குன்றுச் சாலையில் இரண்டாம் கியரில் இறங்கிப் பார்த்தேன். இன்ஜின் சத்தம் கூடுகிறது, ஆனால் பிரேக்கைத் தொட வேண்டியதே அபூர்வம். அந்தச் சத்தத்தால் இன்ஜினுக்குக் கெடுதல் இல்லையே?

ஸ்பேனர்:
இல்லை. இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அப்படியே வரலாம். நெருங்கினால் பிரேக் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், கியரை ஏற்றாதீர்கள்.