பிஏ23 பெட்டியில் நான்கு வன்தட்டுகள்: 12 வோல்ட் தாங்குமா?

பழம்பெட்டி கேட்டது:

என்னிடம் டிஜிட்டல் நிறுவனத்தின் பழைய கணினியான மைக்ரோ பிடிபி-11/73 ஒன்று இருக்கிறது. பிஏ23 பெட்டி, அதற்குள் எச்7864 பவர் சப்ளை. ஆர்டி54 வன்தட்டு அதன் இடத்திலேயே இருக்கிறது. டிகே50 டேப் டிரைவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு அங்குல உயரமுள்ள சீகேட் ஹாக் ஸ்கஸி (பல தட்டுகளை ஒரே கேபிளில் இணைக்கும் முறை) தட்டுகள் மூன்றைத் தகரச் சட்டம் வளைத்து அடுக்கியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஓர் இயங்குதளம்: ஒன்றில் ஆர்டி-11, இன்னொன்றில் ஆர்எஸ்எக்ஸ், மூன்றாவதில் 2.11பிஎஸ்டி. டேப் டிரைவுக்கு வந்த ஒரே மின்கம்பியை மூன்றாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன்.

சுவிட்சைப் போட்டால் எல்லா மோட்டார்களும் ஒரு கணம் முனகுகின்றன, முன்பலகையில் மின்னழுத்தம் சரி என்று காட்டும் டிசி ஓகே விளக்கு அணைகிறது, பிறகு அமைதி. ஸ்கஸி தட்டுகளில் இரண்டின் மின்கம்பியைக் கழற்றினால் ஒழுங்காகக் கிளம்புகிறது. பவர் சப்ளை கிழடாகிவிட்டதா, நான்தான் அதிகம் கேட்கிறேனா?

மின்னல்காரன் எழுதியது:

பழைய கணினியின் ஏடிஎக்ஸ் சப்ளை ஒன்றைப் பின்னால் வைத்து, தட்டுகளை மட்டும் அதில் ஓட்டுங்கள். பச்சைக் கம்பியைக் கறுப்போடு இணைத்தால் அது கிளம்பிவிடும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பச்சைவிளக்கு எழுதியது:

ஏடிஎக்ஸ் வழி தப்பில்லை, ஆனால் பாதிதான் சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டு சப்ளைகளின் கிரவுண்டும் தடித்த கம்பியால் ஒன்றாக இணைய வேண்டும். 12 வோல்ட் கம்பிகள் எக்காரணம் கொண்டும் ஒன்றோடொன்று சேரக் கூடாது. வெளிச் சப்ளை தனிச் சுவிட்சில் இருந்தால் ஒருநாள் மறந்துபோவீர்கள். ஆகவே பிஏ23-இன் 5 வோல்ட்டில் இழுக்கும் சிறு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றை வைத்து, அதன் வழியாகப் பச்சைக் கம்பியைக் கறுப்போடு சேருங்கள்.

ஆனால் உங்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை என்பது என் எண்ணம். கணக்கைப் பாருங்கள்.

எச்7864 தருவது 5 வோல்ட்டில் 36 ஆம்பியர், 12 வோல்ட்டில் 7 ஆம்பியர், மொத்தம் 230 வாட். இரண்டையும் உச்சத்தில் கேட்டால் 264 வாட் ஆகிவிடும், அது நடக்காது. 11/73-க்கு 5 வோல்ட்டில் கவலை இல்லை, உங்கள் சிக்கல் 12-இல்தான். ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டி54 அதில் எடுப்பது 1.34 ஆம்பியர். நீங்கள் கழற்றிய டிகே50 ஒன்றே 2.4 ஆம்பியர் குடித்துக்கொண்டிருந்தது. ஹாக் தட்டுகள் சுழல ஆரம்பித்துவிட்டால் ஒவ்வொன்றும் ஓர் ஆம்பியருக்குக் குறைவாகத்தான் எடுக்கும். எல்லாம் ஓடும்போது 7-ஐத் தொடாது.

கிளம்பும் கணம் வேறு கதை. நின்றிருக்கும் ஆர்டி54-ஐச் சுழற்றத் தொடங்க நான்கு ஆம்பியருக்கு மேல் வேண்டும். ஹாக் ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு கேட்கும். நான்கும் ஒரே நொடியில் கேட்டால் பத்து ஆம்பியரைத் தாண்டுகிறது. 12 வோல்ட் சரிந்ததும் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள மூடிக்கொள்கிறது. அது கிழடாகவில்லை, செய்ய வேண்டியதைச் செய்கிறது. பெரிய பிஏ123 பெட்டியில் டிஜிட்டல் நிறுவனமே இதே அளவுள்ள ரெகுலேட்டர்கள் இரண்டை வைத்துத் தட்டுகளைப் பிரித்துக் கொடுத்தது.

தீர்வு ஜம்பரில், அதாவது தட்டின் இரு ஊசிகளை இணைக்கும் சிறு மூடியில், இருக்கிறது. ஹாக் தட்டில் மோட்டாரைத் தாமதித்துக் கிளப்பும் ஜம்பர் உண்டு. அதைப் போட்டால் ஸ்கஸி அடையாள எண்ணைப் பொறுத்துத் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும், எண் ஒன்றுக்கு 12 நொடி. எண் 0 கொடுக்காதீர்கள். அது ஆர்டி54-உடன் சேர்ந்தே கிளம்பும். 1, 2, 3 போதும். கட்டளை வந்தால் மட்டும் கிளம்பும் இன்னொரு ஜம்பரும் உண்டு. தட்டுகளைக் கணினியோடு இணைக்கும் உங்கள் கியூ-பஸ் அட்டை அந்தக் கட்டளையை அனுப்பும் என்று உறுதியாகத் தெரியாதவரை அதைத் தொட வேண்டாம்.

இன்னொன்று: ஒரு நேரத்தில் ஓர் இயங்குதளம்தானே ஓட்டுகிறீர்கள்? மூன்று தட்டும் எதற்காகச் சுற்ற வேண்டும்? முன்பக்கம் மூன்று சிறு சுவிட்ச் வைத்து வேண்டியதற்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். இயந்திரம் ஓடும்போது அவற்றைத் தட்டக் கூடாது, அவ்வளவுதான். சூடும் பாதியாகும்.

திருகுமறை எழுதியது:

அந்தப் பிரிப்புக் கம்பியையும் பாருங்கள். கடைகளில் கிடைப்பவற்றில் பல மெலிந்த கம்பி. மல்டிமீட்டரைச் சப்ளையில் வைக்காமல் கடைசித் தட்டின் கனெக்டரில் வைத்து, மோட்டார் கிளம்பும்போது அளந்து பாருங்கள். ஓடும்போது 11.4-க்குக் கீழே இருந்தால் கம்பியை மாற்றுங்கள். மூன்று தட்டுகளுக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி இல்லையென்றால் நடுத்தட்டு வெந்துபோகும்.

ஆர்டி54 இருப்பதற்கு மகிழுங்கள். அதற்கு முந்தைய மாதிரியான ஆர்டி53 என்றால் உள்ளே இருக்கும் ரப்பர் பசையாகி ஹெட்டைப் பிடித்துக்கொள்ளும், மின்சாரம் சரியாக இருந்தும் பயனில்லை.

பழம்பெட்டி எழுதியது:

எண்கள் 1, 2, 3 கொடுத்து ஜம்பர் போட்டேன். ஆர்டி54 முழு வேகம் எடுத்த பிறகு ஹாக் ஒவ்வொன்றாகக் கிளம்புகிறது, விளக்கு அணையவில்லை. கடைசிக் கனெக்டரில் ஓடும்போது 11.7 காட்டுகிறது. மூன்றாவது தட்டுக்காகக் காத்திருக்கும் நேரமும் உறுத்தவில்லை. நடுத்தட்டு கை வைக்க முடியாத சூடுதான். சுவிட்ச் யோசனையை எடுத்துக்கொள்கிறேன். 5, 12 இரண்டையும் துண்டிக்க வேண்டுமா, 12 மட்டும் போதுமா?

பச்சைவிளக்கு எழுதியது:

இரண்டையும். 5 மட்டும் போய்க்கொண்டிருந்தால் தட்டின் மின்னணுப் பகுதி விழித்திருந்து, கேட்கும் அட்டைக்குத் தயாரில்லை என்று பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். இருமுனைச் சுவிட்ச் வாங்குங்கள். ஸ்கஸி கேபிளின் முனையில் இருக்கும் தட்டைத்தான் அணைக்கப் போகிறீர்கள் என்றால், டெர்மினேட்டரை (கேபிளின் முனையை முடித்துவைக்கும் மின்தடைத் தொகுதி) தட்டிலிருந்து எடுத்துக் கேபிள் முனையில் தனியாகப் போடுங்கள்.