புதுப்பிப்பு: கார் திரையில் பாட்டு நின்னு போன பிரச்சனை தீர்ந்துச்சுங்க

பொள்ளாச்சி தாண்டறதுக்குள்ள ஆண்ட்ராய்டு ஆட்டோவில் (போன் ஆப்பைக் கார் திரையில காட்டுற வசதி) பாட்டு நின்னு போகுது, மேப் மட்டும் ஓடுது, ஏன்னு முன்னாடி கேட்டிருந்தேனுங்க. பதில் சொன்னவங்களுக்கெல்லாம் நன்றி.

பாதிப் பேர் கேபிளைக் கை காட்டினீங்க. கேபிள் கோளாறுன்னா மேப்பும் சேர்ந்தே போயிருக்கணுமில்லைங்க? சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள்னா திரையில எதுவுமே வராது.

விஷயம் போன்ல இருந்துச்சு. ஆப் ஓடுறது போன்லதான். கார் திரை அதைக் காட்டும், நம்ம தொடுறதை வாங்கிக்கும், அவ்வளவுதான். பேட்டரி மிச்சம் பண்றேன்னு போனே பாட்டு ஆப்பை நிறுத்திட்டு இருந்திருக்கு. ஆப் இன்ஃபோவில் பேட்டரிக்குப் போய் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ (கட்டுப்பாடு இல்லாம ஓட விடுறது) வெச்சேன். இப்ப நிக்கறதில்லை.

ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறுறது வேற கதைங்க. அந்த 40 கொண்டை ஊசி வளைவுல பல இடத்துல டவரே கிடைக்காது, எந்த செட்டிங்கும் உதவாது. வீட்டு வைஃபையில் டவுன்லோட் பண்ணிட்டு, ஆப்பை நெட் இல்லாம ஓடுற ஆஃப்லைன் மோடுல போட்டுத்தான் ஏறுறேன். மோடு மாத்தலைன்னா கையில இருக்கிற பாட்டுக்கும் வட்டம் சுத்திட்டே கெடக்குது. டவுன்லோடுக்கு நிறைய ஆப்ல காசு கட்டணும். “பென்டிரைவ் போதாதா கண்ணு?”ங்கிறாரு அப்பா. அதுவும் நாயந்தான்.

கேபிள் இல்லாம ஆண்ட்ராய்டு ஆட்டோ ஓட்டுற ஒயர்லெஸ் அடாப்டர் வாங்கலாமான்னு கேட்டவருக்கு: ப்ளூடூத் போனையும் அடாப்டரையும் கோத்து விடத்தான், டேட்டா போறது வைஃபையில. போன் சூடாகும், சார்ஜும் இறங்கும். எனக்குக் கேபிளே போதுமுங்க.