ஒன்பது பேருக்கான குழு மருத்துவக் காப்பீடு: நிறுவனத்தை மாற்றினால் தீருமா?

கணபதி பட்டறைக்காரர், கோவை

வணக்கம். பம்ப் உதிரிபாகங்களைக் கடைசல் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறை ஒன்றை நடத்துகிறேன். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட தொழிலாளர்கள் இஎஸ்ஐ என்ற அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறார்கள். அந்த வரம்பைத் தாண்டிய ஆபரேட்டர்கள், சூப்பர்வைசர், கணக்கர் என ஒன்பது பேருக்கு, குடும்பத்துக்கு 3 லட்சம் ரூபாய் வீதம் குழுக் காப்பீடு எடுத்திருக்கிறேன்.

அண்மையில் ஓர் ஆபரேட்டரின் மனைவிக்குப் பித்தப்பைக் கல் அறுவை சிகிச்சை நடந்தது. பில் 1,33,500 ரூபாய். காப்பீட்டுக் கம்பெனி ஒப்புக்கொண்டதோ 89,000 மட்டுமே. ஒரு நாள் அறை வாடகைக்கு 3,000 ரூபாய்தான் வரம்பு என்றும், 4,500 ரூபாய் அறையில் தங்கியதால் மொத்த பில்லையும் அதே விகிதத்தில் குறைத்துவிட்டதாகவும் காரணம் சொல்கிறார்கள். மீதியை அவர் கைக்கடன் வாங்கிக் கட்டியிருக்கிறார். அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். வேறு கம்பெனிக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் ஏஜென்ட். பொதுத்துறை நிறுவனமா, தனியாரா, எதை நம்புவது?

முன்னாள் க்ளெய்ம் அலுவலர்

ஐயா, கம்பெனியை மாற்றுவதற்கு முன்னால் அந்த பில்லைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். அறை வாடகை வரம்பைத் தாண்டினால் விகிதாசாரக் கழிவு செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் மருந்து, ஒருமுறை பயன்படுத்தும் பொருள்கள், உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைக் கட்டணம் ஆகியவற்றில் அந்தக் கழிவு கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-இல் தெளிவுபடுத்தியது. பல பாலிசிகளின் வாசகத்திலும் இது இடம்பெற்றிருக்கும். உங்களுடைய பில்லில் மருந்துக்கும் பரிசோதனைக்கும் சேர்த்து 30,000 ரூபாய் இருந்தது என்று வைத்துக்கொண்டால், அதில் மட்டும் 10,000 ரூபாயைத் தவறாகப் பிடித்திருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு: எந்த அறையில் படுத்தாலும் மருத்துவர் கட்டணமும் தியேட்டர் கட்டணமும் ஒன்றுதான் என்ற முறையை அந்த மருத்துவமனை பின்பற்றுமானால், அவற்றிலும் கழிவு செய்ய இடமில்லை. மருத்துவமனையிடம் கட்டண அட்டவணையைக் கேட்டு வாங்கி, காப்பீட்டுக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள்.

அடுத்த பாலிசிக்கு வருவோம். பொதுத்துறை, தனியார் என்ற பிரிவினையைவிட, அறை வாடகை வரம்பே இல்லாமலோ, 'தனி ஏசி அறை' என்று வகையைக் குறிப்பிட்டோ பாலிசி கிடைக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. 3 லட்சத்தில் ஒரு சதவீதம் என்ற கணக்கு, இன்றைய கோவை மருத்துவமனைகளின் வாடகைக்கு ஈடு கொடுக்காது. அடுத்து, க்ளெய்மைக் கையாளப்போவது கம்பெனியின் சொந்தப் பிரிவா, கம்பெனிக்காக க்ளெய்ம் வேலையைச் செய்யும் வெளி நிறுவனமான டிபிஏவா, டிபிஏ என்றால் யார் என்பதையும் கேளுங்கள். உங்கள் ஆட்கள் வழக்கமாகச் செல்லும் இரண்டு மூன்று மருத்துவமனைகளின் காப்பீட்டு டெஸ்க்கில் ஒரு முற்பகல் நின்று விசாரித்தால், யாருடைய ஒப்புதல் விரைவில் வருகிறது, யாருக்காக டிஸ்சார்ஜ் நோயாளிகள் மாலைவரை உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். எந்த விளம்பரத்திலும் கிடைக்காத தகவல் அது. கேஷ்லெஸ் (கம்பெனியே நேரடியாக மருத்துவமனைக்குப் பணம் கட்டும் முறை) கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்திலும் முடிவு சொல்ல வேண்டும் என ஐஆர்டிஏஐயின் 2024 மே மாதச் சுற்றறிக்கை விதித்திருந்தாலும், நடைமுறை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடத்தான் செய்கிறது.

ஆடிட்டர், ஈரோடு

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன்; ஆனால் செலவுக் கணக்கையும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. குழுக் காப்பீட்டுக்கு 18 சதவீதம் அப்படியே தொடர்கிறது. சட்டப்படி கட்டாயம் இல்லாத காப்பீட்டுக்குப் பொதுவாக உள்ளீட்டு வரி வரவும் (கட்டிய ஜிஎஸ்டியை நாம் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வசதி) கிடைக்காது. அதனால் 'ஆளாளுக்குத் தனி பாலிசி எடுத்துக்கொள்ளுங்கள், பிரீமியத்தை நான் தருகிறேன்' என்று சில முதலாளிகள் இறங்கியிருக்கிறார்கள். இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தனிநபர் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 36 மாதங்கள்வரை காத்திருக்க நேரலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள நாற்பத்தைந்து வயது ஆபரேட்டருக்கு அதனால் உடனடிப் பயன் குறைவு. குழு பாலிசியில் அந்தக் காத்திருப்பை முதல் நாளிலிருந்தே நீக்கித் தருவது வழக்கம். நீக்கியிருக்கிறார்களா என்பதை ஏஜென்டின் வாய்ச்சொல்லை நம்பாமல், கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

எச்ஆர் பணியாளர், திருப்பூர்

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், ஐயா. புதிதாகச் சேரும் ஊழியரையோ பிறந்த குழந்தையையோ நடுவில் சேர்க்கும்போது, அதற்கான பிரீமியம் கம்பெனியிடம் நாம் முன்பணம் போட்டு வைத்திருக்கும் சிடி (கேஷ் டெபாசிட்) கணக்கிலிருந்துதான் கழிக்கப்படும். அதில் இருப்பு இல்லையென்றால் பெயரை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தும் காப்பீடு தொடங்காது. ஏஜென்ட் இதை நினைவூட்டுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். மாதந்தோறும் இருப்பையும் பெயர்ப் பட்டியலையும் கேட்டு வாங்கிவிடுங்கள். சம்பள உயர்வால் 21,000 ரூபாயைத் தாண்டுபவர்களையும் கவனியுங்கள். அந்தப் பங்களிப்புக் காலம் முடியும்வரை, அதாவது செப்டம்பர் அல்லது மார்ச் இறுதிவரை, அவர்கள் இஎஸ்ஐயிலேயே தொடர்வார்கள். அதன்பிறகு குழு பாலிசியில் சேர்க்கத் தாமதித்தால் இடையில் எதுவுமில்லாமல் போய்விடும்.

கணபதி பட்டறைக்காரர், கோவை

மூவருக்கும் நன்றி. பில்லில் மருந்தும் பரிசோதனையும் தனியாகவே இருக்கின்றன. நாளைக்கே கடிதம் எழுதுகிறேன். இப்போது கம்பெனியை மாற்றினால் பழைய க்ளெய்ம் மீதான புகார் அடிபட்டுப் போகுமா?

முன்னாள் க்ளெய்ம் அலுவலர்

போகாது. சிகிச்சை நடந்த நாளில் எந்த பாலிசி நடைமுறையில் இருந்ததோ அந்தக் கம்பெனிதான் பொறுப்பு. ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) அடுத்த ஓராண்டுக்குள் முறையிடலாம். குழுக் காப்பீட்டுப் புகார்களும் அவருடைய வரம்பில் அடங்கும். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆபரேட்டரின் பெயரிலேயே மனு இருக்கட்டும், டிஸ்சார்ஜ் சம்மரியையும் கழிவு விவரத் தாளையும் இணைக்க மறக்காதீர்கள்.