ஜொகூர் போய் வந்தால் அப்பா அம்மாவின் சிங்கப்பூர் விசா செல்லுமா?

பூன்லேவாசி:
அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்து இரண்டு வாரம் ஆகிறது. ஞாயிறன்று பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாரு கூட்டிப் போகலாம் என்று சொன்னதும் அப்பா பாஸ்போர்ட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சாங்கி விமான நிலையத்தில் முத்திரையே குத்தவில்லையாம். "வந்ததுக்கே அத்தாட்சி இல்லை, போனால் திரும்ப விடுவார்களா?" என்கிறார். இருவருக்கும் இந்தியப் பாஸ்போர்ட். நான் வேலை பாஸில் இருக்கிறேன்.

பாலத்துக்காரன்:
முத்திரை இல்லாதது சரிதான். 2022 முதல் சிங்கப்பூரில் வருகையாளர்களுக்கு மை முத்திரை கிடையாது. எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில் வரும் ஈ-பாஸில் (மின் அனுமதிச் சீட்டு) இருக்கும். அரைவல் கார்டில் (வருமுன் இணையத்தில் நிரப்பும் சிங்கப்பூர் வருகைப் படிவம்) யாருடைய மின்னஞ்சலைக் கொடுத்தீர்களோ அதில் தேடுங்கள்.

பார்க்க வேண்டியது விசாத் தாளை. ஒருமுறை மட்டும் என்றிருந்தால் ஜொகூரை மறந்துவிடுங்கள். பலமுறை என்றால், விசா முடியும் தேதிக்குள் திரும்பலாம். ஆனால் திரும்ப வரும்போது அவர்கள் இருவருக்கும் புதிதாக அரைவல் கார்டு போட வேண்டும், வரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள். அது இலவசம், காசு கேட்கும் தளம் என்றால் உடனே மூடிவிடுங்கள். பாஸ் வைத்திருக்கும் உங்களுக்கு, தரை வழி என்பதால் அது தேவையில்லை.

மலேசியாவுக்கு இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை விசா வேண்டாம். ஆனால் எம்டிஏசி, அதாவது மலேசியாவின் இணைய வருகைப் படிவம், மூவருக்கும் வேண்டும். நான் ஒருமுறை அதில் பழைய பாஸ்போர்ட் எண்ணைப் போட்டுவிட்டு, கவுண்டர் வரை போய், ஓரமாக நின்று கைபேசியில் மறுபடி நிரப்பினேன். கூட வந்தவர்கள் அதற்குள் சாப்பிட்டே முடித்துவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற தாத்தா:
பேருந்தில் போனால் சிங்கப்பூர் எல்லைச் சோதனைச் சாவடியான உட்லண்ட்ஸில் பையோடு இறங்குங்கள். வண்டி நிற்காது, அதே எண்ணில் அடுத்து வருவதில் ஏற வேண்டும். பெரியவர்களுக்கு ரயில் நல்லது தம்பி. போகும்போது இரு நாட்டுச் சோதனையும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடும், பயணம் ஐந்தே நிமிடம். வாரக்கடைசிச் சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பூன்லேவாசி:
பலமுறை விசாதான், பார்த்துவிட்டேன். அம்மாவின் சந்தேகம் வேறு: போய் வந்தால் சிங்கப்பூரில் தங்கப் புதிதாக 30 நாள் கிடைக்குமா?

பாலத்துக்காரன்:
அதை நம்பி விமானச் சீட்டை மாற்றாதீர்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் என்பதை அதிகாரிதான் முடிவு செய்வார், குறைத்தும் கொடுக்கலாம். திரும்பியதும் புது ஈ-பாஸில் தேதியைப் பாருங்கள். அப்புறம் அப்பாவிடம் சொல்லுங்கள், மலேசியக் கவுண்டரில் முத்திரை குத்துவார்கள். நகரும் முன் அதன் தேதியையும் அவரே சரிபார்க்கட்டும்.