நாட் கிங் கோல்: எந்த ரெக்கார்டிங்கிலிருந்து கேட்க ஆரம்பிப்பது?

மழைக்காலம்:

வணக்கம். நாட் கிங் கோல் பாடியதில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது 'அன்ஃபர்கெட்டபிள்', 'மோனா லிசா', அப்புறம் டிசம்பர் வந்தால் எல்லாக் கடையிலும் ஓடும் அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டு, அவ்வளவுதான். குரல் ரொம்பப் பிடித்துப்போய் மிச்சத்தையும் கேட்கலாம் என்று ஸ்ட்ரீமிங்கில் தேடினால் தலை சுற்றுகிறது. ஒரே பாட்டு நாலு விதமாக இருக்கிறது, எது முதலில் வந்தது என்றே தெரியவில்லை. தொகுப்புகளுக்கும் கணக்கில்லை, பாதியில் பதிவான வருடமே போடவில்லை. போதாக்குறைக்கு ஒரு நண்பர், 'அவர் பாடகரே இல்லை, பியானோக்காரர், பாட்டு அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது' என்கிறார். அது உண்மையா? எங்கிருந்து தொடங்கினால் ஆளை முழுசாகப் பிடிக்கலாம்?

கறுப்புவெள்ளைக்கட்டை:

உங்கள் நண்பர் சொன்னது பெரும்பாலும் சரி. 1919இல் அலபாமாவில் மாண்ட்கோமரியில் பிறந்து, சிகாகோவில் வளர்ந்து, ஜாஸ் பியானோக்காரர் ஏர்ல் ஹைன்ஸ் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டுக் கை பழகியவர். அப்பா பாப்டிஸ்ட் சர்ச் போதகர், அம்மா சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர். 1936இல் அண்ணன் எடி கோலின் குழுவோடு டெக்கா கம்பெனிக்கு வாசித்ததுதான் முதல் ரெக்கார்டிங். அடுத்த வருடம் லாஸ் ஏஞ்சல்ஸில் மூன்று பேர் கொண்ட ட்ரையோ அமைத்தார்: பியானோ, கிட்டாருக்கு ஆஸ்கர் மூர், பேஸுக்கு வெஸ்லி பிரின்ஸ். டிரம்ஸ் கிடையாது. இன்றைக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது, ஆனால் தாளத்தை மூன்று பேரும் பங்குபோட்டுத் தாங்க வேண்டும் என்பதால் ஒவ்வொருவரும் அடுத்தவர் விரலைக் கவனித்துக்கொண்டே வாசிக்கிறார்கள், பியானோவும் கிட்டாரும் ஒரே வரியைச் சேர்ந்து ஓடவிட்டுச் சட்டென்று பிரிகிற இடங்களைக் கேட்டுப் பாருங்கள், புரியும். ஆர்ட் டேட்டம், ஆஸ்கர் பீட்டர்சன் போன்ற பெரிய பியானோக்காரர்கள் எல்லாம் பின்னால் இதே அமைப்பில்தான் ட்ரையோ வைத்துக்கொண்டார்கள்.

அதனால் 1940 டிசம்பரில் டெக்காவுக்குப் பதிவான 'ஸ்வீட் லொரெய்ன்' கேட்டுவிட்டு நேராக 1943க்கு வாருங்கள். கேபிடல் அப்போது பிறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்த கம்பெனி. இசைக்கலைஞர் சங்கத்தின் ரெக்கார்டிங் வேலைநிறுத்தம் 1942இலிருந்து நடந்துகொண்டிருந்தது. விக்டர், கொலம்பியா என்ற பெரிய கம்பெனிகளுக்கு முன்பே கேபிடல் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டது, 1943 நவம்பரிலேயே கோல் ஸ்டுடியோவுக்குள் போய் 'ஸ்ட்ரெய்ட்டன் அப் அண்ட் ஃப்ளை ரைட்' பாடினார். குரங்கைப் பருந்து முதுகில் ஏற்றிக்கொண்டு போகிற அந்தக் கதை அப்பாவின் பிரசங்கத்திலிருந்து எடுத்தது. பாட்டின் உரிமையை அதற்கு முன்பே 50 டாலருக்கு விற்றிருந்தார். 1944இல் பாட்டு பெரிய ஹிட்.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். கேபிடல் ஒப்பந்தம் இருந்ததால் வெளியே ஜாஸ் வாசித்தபோது வேறு பெயர்கள் போட்டுக்கொண்டார். 1946இல் சாக்ஸ் வாசிக்கும் லெஸ்டர் யங், டிரம்ஸ் வாசிக்கும் படி ரிச் இருவரோடும் செய்த பதிவில் 'ஐ கை' என்று இருக்கும், 1944இன் 'ஜாஸ் அட் தி ஃபில்ஹார்மோனிக்' கச்சேரித் தட்டில் 'ஷார்ட்டி நடீன்' என்று இருக்கும். இரண்டும் கோல்தான். லெஸ்டர் யங்கோடு வாசித்ததைக் கேட்டால், இந்த மனுஷர் பியானோவை விட்டு எழுந்து போனது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று தெரியும். எனக்கு இன்றைக்கும் அந்த வருத்தம் தீரவில்லை.

வயலின்நேசன்:

மேலே சொன்னதில் தகவல் எல்லாம் சரி, அந்தக் கடைசி வருத்தத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஜாஸ் ரசிகர்கள் அறுபது எழுபது வருடமாக இதையே சொல்லி 1950களின் கோலைக் கீழே வைக்கிறார்கள். பியானோவை விட்டார் என்றால் 1952இல் 'பென்ட்ஹவுஸ் செரினேட்' எப்படி வந்தது? 1956இல் 'தி பியானோ ஸ்டைல் ஆஃப் நாட் கிங் கோல்' எப்படி வந்தது? அதே 1956இல் பதிவாகி அடுத்த வருடம் வெளியான 'ஆஃப்டர் மிட்நைட்'டில் ஹாரி எடிசன் டிரம்பெட், ஸ்டஃப் ஸ்மித் வயலின், வில்லி ஸ்மித் சாக்ஸ், ஹுவான் டிஸோல் டிராம்போன் என்று ஒவ்வொருவராக வந்து போகிறார்கள், கோல் வாசித்துக்கொண்டே பாடுகிறார். எனக்குக் கேட்டால் தொடங்க வேண்டிய இடமே அதுதான், பியானோக்காரரும் பாடகரும் ஒரே தட்டில் கிடைப்பார்கள்.

அப்புறம் அந்த ஆர்கெஸ்ட்ரா பாட்டுகள். 'நேச்சர் பாய்' எழுதிய ஈடன் ஆபெஸ் தாடியும் நீளமுடியுமாகத் திரிந்த மனிதர், பாட்டெழுதிய தாளைத் தியேட்டரில் கோலின் உதவியாளரிடம் கொடுத்துவிட்டுப் போனார். 1947 ஆகஸ்டில் பதிவாகி 1948இல் வெளியாகி முதலிடத்துக்குப் போனது. அதில் கோல் எதையும் அழுத்திப் பாடுவதில்லை, சொல்லை மைக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார், அந்தச் சன்னமான கரகரப்பு நம் காதுக்குள்ளேயே கேட்கிறது. 1957இல் வாத்திய அமைப்பாளர் கார்டன் ஜென்கின்ஸ் வயலின்களை மட்டும் நிரப்பிச் செய்த 'லவ் இஸ் தி திங்' அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம். அதில் 'ஸ்டார்டஸ்ட்' பாட்டின் முன்னுரை வரிகளைக் கேளுங்கள். ட்ரையோவில் எவ்வளவு கச்சிதமாகத் தாளம் பிடித்தாரோ, அதே ஆள்தான் இங்கே தாளமே இல்லாத இடத்தில் சொற்களை நிறுத்தி நிறுத்தி விடுகிறார். பியானோ தெரியாதவரால் இப்படிப் பாட முடியாது.

பழையதட்டு:

கேள்வியில் ஒரே பாட்டு நாலு விதம் என்று இருந்ததே, அதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் பாட்டை அவர் நான்கு முறை பதிவு செய்தார். 1946 ஜூனில் ட்ரையோ மட்டும். அதே ஆகஸ்டில் சின்ன வயலின் குழுவைச் சேர்த்து மறுபடியும், அப்போது வெளியாகி ஹிட்டானது இதுதான். 1953இல் வாத்திய அமைப்பாளர் நெல்சன் ரிடிலோடு. 1961இல் இன்னொரு வாத்திய அமைப்பாளர் ரால்ஃப் கார்மைக்கேலோடு ஸ்டீரியோவில். கடைகளில் ஓடுவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பதிவு. நான்கையும் வரிசையாகக் கேட்டால் பதினைந்து வருடத்தில் குரல் எப்படிக் கனத்தது என்று நன்றாகத் தெரியும்.

மற்ற குழப்பத்துக்குக் காரணம் 1961இல் வந்த 'தி நாட் கிங் கோல் ஸ்டோரி'. ஸ்டீரியோ வந்துவிட்டதால் பழைய ஹிட்டுகளைப் புதிதாகப் பாடி மூன்று எல்பியாக விட்டார்கள். நல்ல பதிவுதான், ஆனால் தொகுப்புகளில் பழையதும் புதியதும் கலந்துபோய்விட்டன. உங்கள் ஆப்பில் இருக்கிற 'மோனா லிசா' ஸ்டீரியோவாக இருந்தால் அது 1950இன் அசல் இல்லை, அவ்வளவு எளிது. அசல் தட்டில் ஆர்கெஸ்ட்ராவை நடத்திய லெஸ் பாக்ஸ்டர் பெயர்தான் இருக்கும், ஆனால் அதற்கு வாத்திய அமைப்பு எழுதியது அப்போது பெயர் தெரியாத இளைஞராக இருந்த நெல்சன் ரிடில்.

காசு செலவழிக்கத் தயார் என்றால், 1936 முதல் 1943 வரைக்கும் ரெஸொனன்ஸ் கம்பெனி 2019இல் 'ஹிட்டின் தி ராம்ப்' என்று ஏழு சிடி போட்டது. கேபிடல் ட்ரையோ பதிவுகள் மொத்தமும் மொசைக் கம்பெனியின் 18 சிடி பெட்டியில் இருக்கின்றன.

மழைக்காலம்:

ரொம்ப நன்றி. 'ஆஃப்டர் மிட்நைட்' ஓடிக்கொண்டிருக்கிறது, ஸ்டஃப் ஸ்மித் வயலின் வந்த இடத்தில் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு பெரிய நட்சத்திரம், டிவி நிகழ்ச்சி ஒரே வருடத்தில் நின்றுபோனது என்று படித்தேன். ஏன்?

கறுப்புவெள்ளைக்கட்டை:

நிறவெறிதான், வேறு காரணமே இல்லை. 1956 நவம்பரில் என்பிசி டிவியில் ஆரம்பித்தது. ஹாரி பெலஃபோன்டே, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு என்று பெரிய பெரிய ஆட்கள் பேருக்கு ஒரு சம்பளம் வாங்கிக்கொண்டு அவருக்காக வந்து பாடினார்கள். ஆனாலும் நாடு முழுக்க விளம்பரம் கொடுக்க ஒரு கம்பெனியும் முன்வரவில்லை, கறுப்பரின் நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்தால் தெற்கு மாநிலங்களில் சரக்கு விற்காது என்ற பயம். 1957 டிசம்பரில் அவரே நிறுத்திக்கொண்டார். நிகழ்ச்சி தொடங்கிய அதே 1956இல், ஏப்ரலில், அலபாமாவின் பர்மிங்காமில் பாடிக்கொண்டிருக்கும்போதே வெள்ளை வெறியர்கள் மேடை ஏறித் தாக்கினார்கள். 1948இல் லாஸ் ஏஞ்சல்ஸின் ஹான்காக் பார்க்கில் வீடு வாங்கியபோது அக்கம்பக்கத்தார் கூடி எதிர்த்தார்கள். ஹாலிவுட்டில் இருக்கிற அந்த வட்டமான கேபிடல் கட்டடத்தையே 'நாட் கட்டிய வீடு' என்றுதான் சொல்வார்கள், கம்பெனிக்கு அவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தவர்.

வயலின்நேசன்:

அத்தனைக்கும் நடுவில் 1958இல் ஹவானா போய் ஸ்பானிஷ் தெரியாமலே உச்சரிப்பைக் கேட்டுக் கற்று 'கோல் எஸ்பான்யோல்' பாடினார். லத்தீன் அமெரிக்காவில் அது எவ்வளவு ஓடியது என்றால் அதே வழியில் இன்னும் இரண்டு ஆல்பம் செய்தார்கள். 1962இன் 'ராம்ப்ளின் ரோஸ்' முற்றிலும் வேறு, கிராமியச் சாயல். கடைசி ஆல்பம் 'எல்-ஓ-வி-இ'யை 1964 டிசம்பரில் நுரையீரல் புற்றுநோயோடு பாடி முடித்தார், 1965 பிப்ரவரி 15 அன்று போய்விட்டார், 45 வயது. அந்த ஆல்பத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'ஆஃப்டர் மிட்நைட்' முடிந்ததும் 'லவ் இஸ் தி திங்' போடுங்கள், அதுவும் 1957இல் வந்ததுதான்.