1984 ஆப்டிமஸ் பிரைம்: எது வடிவமைப்புக் குறை, எது தேய்மானம்?

கேள்வி (லாரி_ரோபோ):
1984 ஆப்டிமஸ் பிரைம் (டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில லாரியா மாறுற ரோபோ பொம்மை) ஒண்ணு பெட்டி இல்லாம விலைக்கு வந்திருக்கு. கைமுஷ்டி ரெண்டும் இல்லை. ஒரு புகைக்குழாய் குட்டையா இருக்கு. இடது தோள் தொளதொளன்னு ஆடுது. தலை திரும்பவே மாட்டேங்குது. இதுல எதுக்கெல்லாம் விலையைக் குறைச்சுக் கேட்கலாம்? அதே ஆள்கிட்ட அதே வரிசையில விமானமா மாறுற 1985 ஜெட்ஃபயரும் இருக்கு, வெள்ளை பாகமெல்லாம் மஞ்சளாயிடுச்சு.

பதில் (திருகாணி):
இடதையும் வலதையும் ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே குறைன்னா பெரும்பாலும் பொம்மையை வார்க்கிற அச்சுலயே உள்ளது. ஒரு பக்கம் மட்டும்னா உடைசல் இல்லைன்னா தேய்மானம்.

தலை திரும்பாதது அச்சுலயே உள்ளது, அதுக்கு விலை குறையாது. இந்த அச்சு முதல்ல ஜப்பான்ல டகாரா கம்பெனியோட டயாக்ளோன்ங்கிற பொம்மை வரிசைக்குச் செஞ்சது. அங்கே ரோபோ உயிருள்ள பாத்திரம் இல்லை, குட்டி மனுஷ பொம்மை ஏறி ஓட்டுற வண்டி. அதனால கேபினுக்குள்ள ஆள் உட்கார இடம் வச்சாங்க. கழுத்துக்கு மூட்டே வைக்கலை. டிரெய்லர் ரோபோ உடம்போட சேராததும் அச்சுலயே உள்ளதுதான்.

என் கணிப்புல இதோட பெரிய வடிவமைப்புக் குறை அந்த முஷ்டிதான். லாரியா மாத்தும்போது கழற்றி எடுத்தே ஆகணும், அதனால தொலையாம இருந்தாத்தான் ஆச்சரியம். குறை கம்பெனியோடதுதான், ஆனா பாகம் இல்லாததுக்குத் தாராளமா விலையைக் குறைச்சுக் கேளுங்க.

பதில் (பழைய_அச்சு):
புகைக்குழாயை நல்லாப் பாருங்க. 2002ல அமெரிக்காவுல வந்த மறுவெளியீட்டுல பாதுகாப்புக்காகக் குழாயையே குட்டையாக்கினாங்க. ரெண்டும் ஒரே அளவு குட்டையா, முனை வழுவழுன்னு இருந்தா அது 1984 பொம்மையே இல்லைன்னு சந்தேகப்படணும். உங்களுக்கு ஒண்ணு மட்டும் குட்டைங்கிறதால உடைஞ்சதுதான். முனையில குரோம் இல்லாம வெறும் பிளாஸ்டிக் தெரிஞ்சா உறுதி.

தோளைச் சரி பண்ணிடலாம். நிறமில்லாத நெயில் பாலிஷை மூட்டு உரசுற இடத்துல மெல்லிசா ஒரு பூச்சு கொடுத்து, 24 மணி நேரம் அசைக்காம காயவிடுங்க. போதலைன்னா இன்னொரு பூச்சு. திருகாணி இறுக்கத் தடவுற லாக்டைட் மாதிரி பசையை மட்டும் கிட்டவே கொண்டுபோகாதீங்க. அது ஏபிஎஸ்ங்கிற கெட்டியான பொம்மை பிளாஸ்டிக்கை விரிசல் விட வச்சிடும்.

கேள்வி (லாரி_ரோபோ):
நன்றி. சூப்பர் க்ளூ போட்டா சீக்கிரம் முடியுமே?

பதில் (பழைய_அச்சு):
போடலாம், ஆனா காய்ஞ்சு முடியுற வரைக்கும் மூட்டை ஆட்டிக்கிட்டே இருக்கணும். விட்டா ஒட்டிக்கும், அப்புறம் திருப்பினா முறியும். கண்ணாடி போல இருக்கிற பாகத்துக்கிட்ட வேண்டவே வேண்டாம், அதோட ஆவி வெள்ளையாப் படியும்.

பதில் (வெயில்_பட்டது):
ஜெட்ஃபயர் மஞ்சளானது பிளாஸ்டிக்கோட குணம். அது மேல படிஞ்ச அழுக்கு இல்லை, தேய்ச்சாப் போகாது. முடி வெளுக்குற 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீமைச் சமமாத் தடவி, பிளாஸ்டிக் உறையால மூடி, வெயில்ல 4 மணி நேரம் வைங்க. கையுறை கட்டாயம். அரை மணிக்கு ஒரு தடவை கிரீமைப் பரப்பி விடணும், இல்லைன்னா திட்டுத்திட்டா வெளுக்கும். ஸ்டிக்கர், உலோகம், சிவப்பு பாகம் எதுலயும் படக்கூடாது. வெளுத்தது சில வருஷத்துல மறுபடி மஞ்சளாகலாம், அதனால வெளுத்து வச்சதுக்கு முழு விலை கேட்டாலும் கொடுக்காதீங்க. கழற்றி மாட்டுற கவசங்களும் பூஸ்டரும் எல்லாம் இருக்கான்னு எண்ணிப் பாருங்க. நிறத்தை விட அதுதான் விலையை முடிவு பண்ணும்.