பாஸ்டிங் சீனி 118 வந்திருக்கிறது. இப்பவே குளிசை தொடங்க வேண்டுமா, இனி எவ்வளவு செலவாகும்?

உப்புவெளிக்காரி
எல்லோருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரருக்கு வயது 39, திருகோணமலை பஸ் நிலையத்தடியில் ஓட்டோ ஓடுகிறார். போன கிழமை தனியார் லாப் ஒன்றில் பாஸ்டிங், அதாவது வெறும் வயிற்றில் இரத்தத்தில் உள்ள சீனி, பார்த்தோம், 118. அங்கே நின்ற பிள்ளை போடர்லைன்தான், யோசிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டது. எனக்கு யோசிக்காமல் இருக்க முடியவில்லை. மாமிக்குச் சீனி வருத்தத்தால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள், பிறகு கிட்னியும் பழுதாகி டயாலிசிஸ் வரைக்கும் போனது. ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம் என்றுதான் பெயர், ஆனால் அந்த வருடங்களில் பட்ட கடனை இன்னும் கட்டிக்கொண்டு இருக்கிறோம்.

இவரோ "அம்மாவுக்கு இருந்தது, எனக்கும் வரத்தானே செய்யும், வரும்போது பார்ப்போம்" என்கிறார். சாப்பாட்டைக் குறை, நட என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது உண்மையாக ஆராய்ந்து பார்த்த விஷயமா அல்லது சும்மா சொல்வதா? மச்சாள் பேஸ்புக்கில் விற்கிற ஒரு மூலிகைத் தூளை வாங்கச் சொல்கிறார், ஒரு மாதத்துக்கே பல ஆயிரம். எனக்கும் சின்னவள் வயிற்றில் இருந்தபோது சீனி கூடி இருந்தது, பிள்ளை பிறந்ததும் சரியாகிவிட்டது, அதனால் என்னைப் பற்றிக் கவலை இல்லை (எனக்கு 36). இவரைத்தான் எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று தெரியவில்லை.

கிண்ணியா நானா
தங்கச்சி, 118 இன்னும் சீனி வருத்தம் இல்லை. பாஸ்டிங் 126 அல்லது அதற்கு மேல், அதுவும் இன்னொரு தரம் பார்த்து உறுதியானால்தான் வருத்தம் என்று எழுதுவார்கள். அதற்குக் கீழே உள்ள ஆபத்து வட்டத்தை உலக சுகாதார நிறுவனம் 110 இலிருந்தும் அமெரிக்கக்காரர் 100 இலிருந்தும் கணக்கெடுக்கிறார்கள். எந்தக் கணக்கில் பார்த்தாலும் அவர் அந்த வட்டத்துக்குள் நிற்கிறார்.

வரத்தானே செய்யும் என்பதற்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. அங்கே டொக்டர் ராமச்சந்திரனின் குழு இப்படி நடுவில் நின்ற 531 பேரை எடுத்து, மூன்று வருடம் வரை பின்தொடர்ந்து, 2006 இல் முடிவை வெளியிட்டது. பெரிதாக ஒன்றும் செய்யாமல் விடப்பட்டவர்களில் 100க்கு 55 பேருக்கு வருத்தம் வந்துவிட்டது. சாப்பாடு, நடை இரண்டையும் தொடர்ந்து கவனித்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மெட்போமின் என்ற சீனிக் குளிசையைச் சின்ன அளவில் குடித்தவர்களிலும் ஏறக்குறைய அதே கணக்கு, இரண்டையும் சேர்த்துச் செய்தபோது மேலதிக பலன் கிடைக்கவில்லை. அதாவது தாய்க்கு இருந்தது மகனுக்கு வரலாம், ஆனால் வந்தே தீரும் என்று இல்லை. உடம்பால் வேலை செய்கிறவர்களை அப்படியே தொடரச் சொன்னார்கள், இருந்த இடத்திலேயே வேலை செய்கிறவர்களுக்குத்தான் தினமும் 30 நிமிட நடை. ஓட்டோ ஓடுகிற ஆளுக்கு அது அப்படியே பொருந்தும்.

அமெரிக்காவில் 3,234 பேரை வைத்துச் செய்து 2002 இல் வெளியிட்ட ஆய்வில் இதே மாதிரியான முயற்சியால் ஆபத்து 58 வீதம் குறைந்தது. சென்னையில் 28.5 வீதம்தான் குறைந்தது. எங்கள் உடம்புக்கும் சாப்பாட்டுக்கும் கிட்ட இருப்பது சென்னைக் கணக்கு, அதை நம்பினாலே போதும்.

இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2005–2006 இல் இலங்கையில் எடுத்த பெரிய கணக்கெடுப்பில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 10 பேருக்குச் சீனி என்று வந்தது. அது ஏழு மாகாணங்களில் எடுத்தது, யுத்தத்தால் வடக்கும் கிழக்கும் இல்லை. நாட்டுக் கணக்கு என்று வருடக்கணக்காக எல்லோரும் எடுத்துக்காட்டிய அந்த எண்ணிக்கையில் திருகோணமலையில் ஒரு ஆள்கூட இல்லை! 2018–2019 இல் நாடு முழுவதுக்கும் எடுத்த ஆய்வில் 100க்கு 23 பேருக்கு வருத்தம், இன்னும் 30 பேர் உங்கள் வீட்டுக்காரர் நிற்கிற இடத்தில். முறைகள் வேறு என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது, ஆனால் வயதுவந்தவர்களில் பாதிப் பேர் இந்தக் கணக்குக்குள் வந்துவிட்டார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை.

மூதூர்த் தம்பி
அக்கா, செலவு பற்றிக் கேட்டீர்கள், அதை நான் சொல்கிறேன், வாப்பாவைக் கிளினிக்குக் கூட்டிப்போவது நான்தான். டொக்டர் இலவசம், குளிசை இலவசம், இன்சுலினும் இலவசம், இதற்கு நாங்கள் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் காசு போவது வேறு இடங்களில். இங்கிருந்து கிண்ணியா வழியாக டவுனுக்கு பஸ், விடியவே போய் நம்பர் எடுத்தால் மத்தியானம் தாண்டித்தான் மருந்து கையில் வரும், அன்று வாப்பாவுக்கும் கூலி இல்லை எனக்கும் இல்லை. இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டுகிற எச்.பி.ஏ.வன்.சி சோதனையை வெளியில் செய்துகொண்டு வரச் சொல்வார்கள், குளுக்கோமீட்டருக்கு ஸ்ட்ரிப் நாங்கள்தான் வாங்க வேண்டும். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது குளிசையையும் வெளியில் வாங்கினோம், சில மாதம் வாப்பா எங்களுக்குச் சொல்லாமல் பாதி பாதியாகக் குடித்திருக்கிறார். இலவச வைத்தியத்தின் செலவு என்று எழுதுகிறவர்கள் இந்தக் கூலி நாட்களையும் சேர்த்து எழுத வேண்டும், ஏழைக்குப் பெரிய செலவே அதுதான்.

கிளினிக் தூரம் என்றால் கிட்ட உள்ள பிரதேச வைத்தியசாலைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், வருத்தம் கட்டுப்பாட்டில் உள்ளவர்களுக்கு அநேகமாக மாற்றித் தருவார்கள். வெளியில் வாங்க நேர்ந்தால் கம்பெனிப் பெயரில் கேட்காமல் மெட்போமின் என்று மருந்தின் பெயரிலேயே கேளுங்கள், அரச மருந்துக் கடையான ஒசுசலவில் மலிவாக இருக்கும். 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்தைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பினார்கள். அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியாது என்பது என் கேள்வி.

ஓய்வுபெற்ற மிஸ்
மகள், எல்லோரும் உங்கள் வீட்டுக்காரரைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள், எனக்கு உங்களைப் பற்றித்தான் பயம். கர்ப்பத்தில் சீனி கூடி, பிள்ளை பிறந்ததும் இறங்கிய தாய்மாருக்குப் பிற்காலத்தில் சீனி வருத்தம் வருகிற ஆபத்து மற்றத் தாய்மாரைவிட 7 மடங்குக்கு மேல். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2009 இல் வெளியிட்ட கணக்கு இது. பிரசவத்துக்குப் பிறகு ஆறு கிழமைக்கும் மூன்று மாதத்துக்கும் இடையில் ஒரு தரம், பிறகு ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒரு தரமாவது பார்க்க வேண்டும். தாய்மார் பிள்ளையின் ஊசிக்குத் தவறாமல் வருவார்கள், தங்கள் இரத்தத்தைப் பார்க்க வரவே மாட்டார்கள். நான் வேலை செய்த காலம் முழுக்கக் கண்டது இதைத்தான்.

இரண்டு பேரும் சேர்ந்து ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்துக்குப் போங்கள். ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர் என்று கேட்டாலும் காட்டுவார்கள், எங்கே எந்த நாளில் நடக்கிறது என்று உங்கள் பகுதி மிட்வைஃபிடம் கேட்டால் சொல்லுவார். 35 வயது தாண்டியவர்களுக்குப் பிரஷர், சீனி, எடை எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். பாஸ்டிங்கோடு மட்டும் நிற்காமல் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணித்தியாலத்தின் பின் பார்க்கிற சோதனையும் தேவையா என்று கேளுங்கள், ஏனென்றால் சிலருக்குப் பாஸ்டிங் ஓரளவு நல்லாக இருக்கும், சாப்பிட்ட பிறகுதான் ஏறும். குளிசை இப்பவே வேண்டுமா என்பதை அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து டொக்டர் முடிவு செய்யட்டும். இடுப்பையும் அளந்து பாருங்கள், எங்கள் ஆட்களில் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் கவனம் தேவை.

அந்தத் தூளை வாங்க வேண்டாம். கிளிபென்கிளமைட் போன்ற சீனிக் குளிசையை அரைத்து இப்படியான தூள்களில் கலந்திருந்ததைப் பல நாடுகளில் பிடித்திருக்கிறார்கள். குடித்தவுடன் சீனி இறங்கும், ஆட்களும் நம்புவார்கள், ஒரு நாள் அளவுக்கு மீறி இறங்கி மயங்கி விழுந்தால்தான் வீட்டுக்குத் தெரியவரும். ஓட்டோ ஓடுகிற மனிதர், பின்னால் ஆட்கள் இருப்பார்கள், யோசியுங்கள்.

உப்புவெளிக்காரி
மிஸ், நன்றி. சின்னவளுக்கு இப்போது நாலு வயது, பிறகு என்னை யாரும் பார்க்கச் சொல்லவும் இல்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் போகிறோம். நானா சொன்ன 55, 39 கணக்கை இவருக்கு வாசித்துக் காட்டினேன், ஒன்றும் பேசவில்லை, ஆனால் மச்சாளிடம் தூள் வேண்டாம் என்று அவரே போன் பண்ணிச் சொல்லிவிட்டார். இன்னொரு கேள்வி. சோற்றை விட மாட்டேன் என்கிறார், மத்தியானம் கடைச் சாப்பாடு. என்ன செய்வது?

ஓய்வுபெற்ற மிஸ்
சோற்றை விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை மகள். கடையில் சோற்றைப் பாதியாகப் போடச் சொல்லி, மரக்கறியும் மீனும் கூடக் கேட்கட்டும். சோற்றோடு கிழங்குக் கறி வேண்டாம், அதுவும் மாச்சத்துத்தான். சிவப்பரிசி என்றால் நல்லது, ஆனால் சிவப்பரிசி என்று சொல்லிக் கோப்பை நிறையச் சாப்பிட்டால் பலன் இல்லை. ஸ்டாண்டில் நிற்கிறவர்களுக்கு சோற்றைவிட பிளேன்டிதான் பெரிய பிரச்சினை, ஒரு நாளைக்கு எத்தனை குடிக்கிறார், ஒவ்வொன்றிலும் எத்தனை கரண்டி சீனி என்று இன்றைக்கே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். சோடா வாங்கினால் போத்தலில் நிற அடையாளம் இருக்கும். 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை, 2016 இலிருந்து இந்த முறை இருக்கிறது. சிவப்பைத் தொடவே வேண்டாம். நடப்பதற்கு டச்சுக் குடாக் கடற்கரைப் பக்கம் போகலாம், பின்னேரம் ஓட்டத்தை முடித்துவிட்டு அரை மணித்தியாலம், நீங்களும் கூடவே நடவுங்கள்.